கூடைக்குக் கிழித்த மஞ்சள் சீட்டு

வாசக நண்பரே, நீங்கள் சாட்சி. விளிப்பு இவ்வளவுதான். மேடையில் வளர்ந்த ஒருவன் இத்தனை சுருக்கமாக அழைத்துவிட்டுப் பொருளுக்கு வருகிறான் என்றால் அவனுக்கு ஏதோ நேர்ந்திருக்க வேண்டும் என்று நீங்கள் ஐயுறலாம். நேர்ந்தது. அதைச் சொல்லும்போது என் தரப்பை நானே அழகுபடுத்திவிடுவேனோ என்ற அச்சம் எனக்கு உண்டு. எதிரில் ஒரு சாட்சி இருப்பது நல்லது.

இன்று காலை போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள பணிமனை முற்றத்தில் பழைய மர பஸ் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கப் பலகை ஒன்றைக் கடப்பாரையால் நெம்பியபோது ஒரு வாடை கிளம்பி வந்தது. நனைந்த படாக் மரம், அதன்மேல் டீசல், எல்லாவற்றுக்கும் அடியில் மீன். அருகில் நின்ற இளைஞர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானோ மூச்சை ஆழ உள்ளிழுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

அறுபதுகளின் நடுவில் நான் இந்தத் தீவுக்கு வந்தபோது போர்ட் பிளேரில் ஓடிய பஸ்கள் லாரிகளாகப் பிறந்து பஸ்களாக வாழ்ந்தவை. எஞ்சினும் சக்கரமும் மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வரும். உடம்பை இங்குள்ள தச்சர்கள் படாக் மரத்தில் கட்டுவார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால், மேலே சுருட்டிக் கட்டியிருக்கும் கித்தானை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்ப்பவரின் தலையில் அதில் தேங்கிய நேற்றைய மழை இறங்கும். ஆகவே புதிதாக வந்தவர்களையே எல்லோரும் அந்தப் பணிக்கு அன்போடு அழைப்பார்கள். என்னையும் அழைத்தார்கள். ஒரு மாதம் வரை அதை மரியாதை என்றே எண்ணியிருந்தேன்.

முன்பாதியில் பலகை இருக்கைகள்; பின்பாதி வெறும் தரை. தேங்காய் மூட்டை, கால் கட்டிய கோழி, கப்பலில் வந்திறங்கிய யாரோ ஒருவரின் டிரங்குப் பெட்டி, மீன் கூடை எல்லாம் அங்கே. சீட்டிலும் இரண்டு இனம் இருந்தது. மனிதருக்கு வெள்ளை, சுமைக்கு மஞ்சள். பெரார்கஞ்ச் பஸ்ஸின் கண்டக்டர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்; எல்லோருக்கும் அவர் மண்டல்தா. மஞ்சள் சீட்டைக் கிழித்துக் கூடைக்குரியவர் கையில் தரமாட்டார். கூடையின் பிரம்பு இடுக்கிலேயே செருகுவார். கையை நீட்டினால், "டிக்கெட் கூடை கா ஹை, அக்கா கா நஹி" என்பார். பயணம் செய்வது கூடை, எனவே சீட்டும் கூடைக்கே என்பது அவருடைய நீதி. இதைவிடச் செம்மையான நீதியைப் பின்னாளில் எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெல்லைச் சீமைக் கல்லூரியொன்றில் மேடைப் பேச்சைப் பயின்றவன் நான். வென்ற வெள்ளிக் கோப்பையை வேட்டியில் சுற்றி, கப்பலில் நான்கு நாளும் மடியில் வைத்திருந்தேன். மரைன் ஹில்லில் என் அறைத்தோழர்கள் அதில் சவரத்துக்கு வெந்நீர் எடுத்தார்கள். என் புகழ் கடலைத் தாண்டி வரவில்லை என்று அப்போதே உணர்ந்திருக்கலாம். உணரவில்லை. சிப்பிகாட் பண்ணை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. நாள்தோறும் பெரார்கஞ்ச் செல்லும் முதல் பஸ்ஸில் போய்ச் சிப்பிகாட்டில் இறங்குவேன். வழியில் பேச்சுப் பயிற்சியும் நடக்கும். முன்பாதியில் நின்று பேசினால் டிரைவர் ஹாரன் அடிப்பார். ஆகவே பின்பாதிக்குச் சென்றேன். கோழிகளுக்குக் கால் கட்டியிருந்தது. கூடைக்காரர்களும் கூடையை விட்டு எங்கே போவார்கள்?

அப்படி அகப்பட்டவர்தான் ஞானப்பூ அக்கா. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். கணவர் கடலில் கை முறிந்து, துடுப்புப் பிடிக்க முடியாமல் வீட்டோடு இருந்தார். மூன்று பிள்ளைகள். அக்கா விடியுமுன் ஜங்ளிகாட் கரையில் மீன் எடுத்து, முதல் பஸ்ஸில் சிப்பிகாட் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிருந்து கத்தரியும் புடலையும் பதிலுக்கு ஏற்றி வருவார். நகரத்துச் சந்தையில் இடமெல்லாம் பழைய வியாபாரிகளுடையது. அவருக்கு இருந்தது அந்த ஒரு பஸ், அந்த ஒரு கூடை.

"ஏய்யா, நேத்து ஒரு ராசா கப்பல்ல ஏறுனாம்லா, எறங்குனானா இல்லியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"அது உவமைக்கா."

"உவமைன்னா எறங்க மாட்டானோ?"

நான் பெற்ற விமரிசனங்களில் அதுவே மிகக் கூர்மையானது. அந்த அரசனை அன்றே கரையிறக்கிவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதிய பஸ்கள் கப்பலில் வந்து இறங்கின. முழுவதும் இரும்பு. ஜன்னலுக்குக் கண்ணாடி. உட்கார்ந்தால் அமுங்கி எழும் இருக்கைகள். நகரமே துறைமுகத்தில் நின்று பார்த்தது. நானும் பார்த்தேன், பெருமைப்பட்டேன். கடைசி வரிசை வரைக்கும் இருக்கைகளாகவே இருப்பதைக் கவனித்தவர் ஞானப்பூ அக்கா ஒருவர்தான். "தரையைக் காணமே" என்றார். பஸ்களோடு புதிய சீட்டுப் புத்தகமும் வந்தது. அதில் மஞ்சள் இல்லை. சீட்டில்லாத எதுவும் ஏறக் கூடாது என்பது விதி. கூடைக்கோ சீட்டே அச்சாகவில்லை. திங்கட்கிழமை முதல் பெரார்கஞ்ச் தடத்தில் புதிய பஸ் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

அதற்கு முந்தைய ஞாயிறு மாலை பஜாரை ஒட்டிய மைதானத்தில் தொடக்க விழா. பொதுமக்கள் குறை சொல்லலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, நீ பேசுவேல்லா. எனக்காவ ஒரு வார்த்த கேளு. கூடைக்கு ஒரு சீட்டு. வேற ஒண்ணும் வேணாம்."

"ஒரு வார்த்தை என்னக்கா, அஞ்சு நிமிஷமும் உங்களுக்குத்தான்."

"அவ்வளவு எதுக்குய்யா? ஒரு வார்த்த போதும்."

விழாவுக்கு வந்திருந்த பஸ் இலாகா அதிகாரி தமிழர் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சலவை வேட்டி கட்டி மேடையேறினேன். பயின்றபடியே தொடங்கினேன். அவைத்தலைவரை அழைத்தேன். அதிகாரியை, அவர் பிறந்த மாவட்டத்தை, அந்த மாவட்டத்து ஆற்றை அழைத்தேன். மாலை வாங்கித் தந்த காண்டிராக்டரை அழைத்தேன். பஜார் பெரியோரை, தாய்மாரை, கூடியிருந்த வங்காள, தெலுங்கு, மலையாளச் சோதரரை, ஒலிபெருக்கி அமைத்தவரை அழைத்தேன். "மணமகளென மாலை சூடி நிற்கும் பேருந்தே!" என்று பஸ்ஸையும் அழைத்தேன். அதற்குப் பெரிய கைதட்டல். ஆகவே அதற்குச் சாலை தரும் தீவை, தீவைத் தாலாட்டும் கடலை, கடலின் அலைகளை எல்லாம் வரிசையாக அழைத்தேன். மணி அடித்தது. என் கல்லூரியில் முதல் மணி எச்சரிக்கை. இரண்டாம் மணியே முடிவு. எனவே கலங்காமல், "இனி, நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறேன்" என்றேன்.

இங்கே ஒரே மணிதான்.

அதிகாரி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "இந்தத் தீவுல இப்படித் தமிழ் கேட்டு எவ்வளவு நாளாச்சு! வாழ்த்துரைன்னா இதுதான்யா வாழ்த்துரை!" என்று தம் கழுத்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. "ஐயா, கூடைக்கு ஒரு சீட்டு வேண்டும்" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அவர் என் கைக்கெட்டும் தொலைவில் நின்றார். நான் சொல்லவில்லை. கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தேன். ஓய்ந்தபோது அடுத்தவர் ஒலிபெருக்கிக்கு முன் நின்றார். சாட்சியாகிய உங்களிடம் மறைப்பானேன்? அந்தக் கைதட்டல் ஓயாமலிருந்தால் நன்றாக இருக்குமே என்றும் எனக்குத் தோன்றியது.

மைதானத்து வாசலில் அக்கா நின்றிருந்தார். முகத்தில் கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"நல்லாப் பேசுன தம்பி. எங்கூடை எந்த எடத்துல வந்துச்சு? நான் பின்னால நின்னேன்லா, காதுல வுழல."

மாலையின் ஈரம் சட்டைக்குள் இறங்கியது.

திங்கட்கிழமை காலை புதிய பஸ் ஜங்ளிகாட்டில் நின்றது. நான் ஜன்னலோர இருக்கையில் இருந்தேன். அக்கா கூடையைப் படியில் வைத்தார். மண்டல்தா, தானே குற்றவாளிபோல, புதிய புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

"தேகோ அக்கா. பூரா ஆத்மி. ஆதா ஆத்மி. பஸ், கதம். மச்சிலி கஹான் ஹை?"

முழு ஆள், அரை ஆள், அவ்வளவோடு புத்தகம் முடிந்தது. மீனுக்கு அதில் இடமில்லை.

"அப்பம் அரை ஆளுன்னு கிழிச்சுக் குடும், மண்டல்தா. எம்பிள்ளையவிட நல்லா அடங்கி இருக்கும்."

"செக்கிங் ஆயேகா தோ மேரா நௌக்ரி ஜாயேகா, அக்கா." சோதனைக்கு ஆள் வந்தால் என் வேலை போய்விடும் என்று கையைப் பிசைந்தார் அவர்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "மாலை வாங்குன சாப் மெத்தையில சௌக்கியமா இருக்காரே, அவரைக் கேளு!" பஸ் சிரித்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

நான் இறங்கினேன். "பாபு, ஆபீஸ்?" என்றார் மண்டல்தா. பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

ஜங்ளிகாட்டிலிருந்து சிப்பிகாட் ஏழெட்டு மைல் இருக்கும். கூடையை வாங்கக் கை நீட்டினேன். "நீ தூக்குனா மீனும் போய்ச் சேராது, நீயும் போய்ச் சேரமாட்ட" என்று தராசையும் அரிவாள்மணையையும் என்னிடம் தந்தார். முதல் மைலில் மன்னிப்புரை ஒன்றை மனத்தில் அடுக்கினேன். இரண்டாம் மைலில் அடுக்குவதற்கு மூச்சில்லை. காராச்சர்மா தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. அக்கா இலை பறித்து மீனின் மேல் பரப்பினார். கூடையிலிருந்து சொட்டிய நீர் அவர் தோளில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. பஸ்ஸில் இரண்டு ஆண்டுகள் எதிரெதிரே அமர்ந்தவன், அந்தக் கூடை எவ்வளவு கனம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதன்பின் நடந்ததை விரைந்து சொல்லிவிடலாம். சிப்பிகாட் வீடுகளில் அரைத்தாள் ஒன்றைக் கொண்டு நடந்தேன். அதில் முதல் வரியே கோரிக்கை: கூடைக்குச் சீட்டு வேண்டும். இரண்டாவது வரி இல்லை. அதையே இந்தியில் எழுதினேன். வங்காள மொழியில் மண்டல்தா எழுதிக் கொடுத்து, தம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மீன் வராத அடுப்படிகளெல்லாம் கைநாட்டு வைத்தன. தாமதமாக வந்ததற்காக என் அலுவலகத்தில் இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன், அதுவும் ஒரே வரி. எனக்கு மாலை போட்ட அதிகாரி அந்தக் கோரிக்கைத் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதை அன்னைக்கு மேடையிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி?" என்றார். ஒரு பழைய பஸ்ஸை முதல் நடைக்கு மட்டும் மீண்டும் ஓடவிட்டார்கள். மீந்து கிடந்த மஞ்சள் சீட்டுக் கட்டு பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

அந்த நடை சில ஆண்டுகள் ஓடியது. இப்போது அது இல்லை. பனிக்கட்டிப் பெட்டி வைத்த வண்டிகளில் மீன் போகிறது. மண்டல்தா ஓய்வு பெற்றார். ஞானப்பூ அக்கா மகளோடு மெயின்லாண்ட் போய்விட்டார். பின்பாதித் தரை எந்த பஸ்ஸிலும் இல்லை; கூடையோடு ஏறுகிற பெண் எந்த நிறுத்தத்திலும் இல்லை; ஒரு பொருளைப் பயணியாக மதித்த சீட்டும் இல்லை. இழப்பு என்று கூடச் சொல்லத் தயங்குகிறேன். ஏழெட்டு மைல் தலைச்சுமையைப் பார்த்தவன், வண்டி வந்ததற்கு வருந்தக் கூடாது. ஆனாலும், கேட்டுப் பெற்ற ஒன்று கேட்பாரில்லாமல் நின்றுபோகும்போது, கேட்டவர்களின் கால்களை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அந்த முதல் நாள் நடைக்கே திரும்புகிறேன். நாங்கள் சிப்பிகாட் சேரும்போது உச்சிவெயில். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீனில் பாதி தளர்ந்துவிட்டது. மீதியை விரைவாக வெட்டிக் கொடுத்துவிட்டு, அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து பாதத்தைத் துடைத்தார்.

"போதும்யா. நாளைக்கு நீ பஸ்லயே வா. ஒனக்கு ஆபீசு இருக்கு. எனக்குப் பழகிரும்."

மீன் வாங்கியவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களில் சிலர் முந்தைய மாலை எனக்குக் கை தட்டியவர்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன். தொண்டை வறண்டிருந்தது, குரல் மேடைக்குரல் இல்லை.

"ஒங்க கூடைக்குச் சீட்டுக் கிழிக்கிற வரைக்கும் எனக்கும் சீட்டு வேணாம்க்கா. நாளைக்கும் நடந்துதான் வருவேன்."