என்ன குடிச்சே, அண்ணே?

வாரத்தில் மூன்று நாள் காலையில் என் தங்கையின் இரத்தம் அவள் உடம்பை விட்டு வெளியே போய், ஓர் இயந்திரத்துக்குள் சுற்றி, சுத்தமாகித் திரும்பி வருகிறது. அதற்கு நான்கு மணி நேரம் ஆகும். அந்த நான்கு மணி நேரமும் நான் கீழே ஒரு கடையில் உட்கார்ந்திருப்பேன். நான் கெட்டதெல்லாம் அந்த நாற்காலியில்தான்.

மலேசியாவில், பத்து காஜா என்ற ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு, அதே வேனில் தங்கையை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போவேன். கடைவரிசை ஒன்றில் முதல் மாடியில் டயாலிசிஸ் நிலையம். அதற்கு நேர்க்கீழே மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. மேலே ஒரு சொட்டுத் தண்ணீருக்கு ஏங்குகிறவர்கள், கீழே தே தாரேக் என்னும் பால் தேநீரைக் கைக்குக் கை நீட்டி நுரை பொங்க ஆற்றுகிறவர்கள். இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்த ஆள் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் நான்கு வருடம் ஆகிறது. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் குடிக்கலாம். மாத்திரை போடுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பாள். சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்தில் என் பங்குத் தேத்தண்ணியையும் பிடுங்கிக் குடித்தவள் அவள். சூசு டின்னில் ஒட்டிய கட்டிப்பாலை விரல் விட்டு வழித்து நக்கி அம்மாவிடம் அடி வாங்கியவள்.

எனக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. சிறுநீரகம் கொடுப்பதென்றால் நான்தான் கொடுக்க வேண்டும். இரத்தம் பொருந்தியது. அப்பாவைக் கொண்டுபோன இனிப்புநீர் வியாதி ஏனோ என்னைத் தொடவில்லை, டாக்டருக்கே அது ஆச்சரியம். ஆனால் நான் நூற்று முப்பத்தெட்டு கிலோ இருந்தேன். இந்த உடம்பிலிருந்து ஒன்றை எடுத்தால் மிச்சமிருக்கும் ஒன்று தாங்காது என்று சொல்லிவிட்டார். தொண்ணூறுக்குக் கீழே வர வேண்டும், வந்து ஆறு மாதம் அங்கேயே நிற்க வேண்டும், அப்புறம்தான் பேச்சு. நடந்து பார்த்தேன், சோற்றை விட்டுப் பார்த்தேன். மூன்று கிலோ இறங்கும், நான்கு கிலோ ஏறும். கடைசியில் வெட்டிவிடுங்கள் என்று நானே கேட்டுப் படுத்தேன். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள்.

முதல் வருடம் நான் நல்ல பிள்ளை. மனைவி கோப்பிக் கோப்பை வைக்கும் சாசரில் எனக்குச் சாப்பாடு போட்டாள். முதலில் முட்டை, மீன், பருப்பு. அதன் பிறகு வயிற்றில் இடம் இருந்தால் ஒரு பிடி சோறு. ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் குடிக்கக் கூடாது. அவசரப்பட்டால் நெஞ்சுக்குள் கல் அடைத்த மாதிரி வலிக்கும், ஓடிப்போய் வாந்தி எடுப்பேன். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னாண்ணே, சீக்கா?" என்று கேட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தொண்ணூற்றொன்று வரை இறங்கிவிட்டேன். இன்னும் ஒன்றிரண்டு கிலோதான்.

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஒரு வெயில் நாள். மாடியிலிருந்து இறங்கி வந்து வேனில் உட்கார்ந்தாள். உதடு வெடித்திருந்தது. கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இவ்ளோ நேரம் கீழ உக்காந்திருந்தியே, என்ன குடிச்சே, அண்ணே?"

நான் குடித்தது பச்சைத் தண்ணீர். அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. "சிராப் பாண்டூங்," என்றேன்.

"பால் ஊத்துனதா? ஐஸ் போட்டா?"

"நெறைய."

"சொல்லு, எப்படி இருந்துச்சு."

சொன்னேன். ரோஸ் நிறம், மேலே மிதக்கும் ஐஸ், கிளாஸுக்கு வெளியே வியர்த்து வழியும் ஈரம், முதல் வாய் பல்லில் கூசுவது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தொண்டை ஏறி இறங்கியது. தங்கைக்கு நான் கொடுத்த முதல் பொருள் சிறுநீரகம் இல்லை, ஒரு பொய்தான். ஆனாலும் அன்று ஏதோ கொடுத்துவிட்ட மாதிரிதான் வீட்டுக்குப் போனேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் கேட்டாள். நானும் புளுகினேன். எத்தனை நாளைக்குப் புளுகுவது? ஒரு நாள், தேங்காய்ப்பாலும் சீனிப்பாகும் சீவிய ஐஸும் கலந்த செண்டோல் குடித்ததாகச் சொன்னேன்.

"கச்சாங் பயறு போட்டானா?"

"போட்டான்."

"செண்டோல் மிஷின் கெட்டுப்போச்சுன்னு மேல நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்களே. கேட்டுட்டு வெறுங்கையா வந்தாங்களாம்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்து சேரும்போது சொன்னாள். "எனக்குத்தான் குடுத்து வைக்கல. நீயாவது குடிக்கக் கூடாதா, அண்ணே? பொய்யி கேக்கவா நான் கேக்குறேன்?"

அடுத்த முறை உண்மையாகவே ஒன்று கேட்டு வாங்கினேன். ஒரு வாய் மட்டும், அவளிடம் சொல்வதற்காக மட்டும். அரை இட்லியைக் கால் மணி நேரம் மென்றால்தான் இறங்கும் எனக்கு, தே தாரேக் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. வலி இல்லை, கல் இல்லை, வாந்தி இல்லை. ஒரு வருடமாக என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த வயிறு அன்று முதல் தடவையாகச் சும்மா இருந்தது. ஒரு வாய் ஒரு கிளாஸ் ஆயிற்று. நான்கு மணி நேரம் என்பது நீண்ட நேரம், ஒரு கிளாஸ் மூன்றாயிற்று.

இனிப்பைக் குடிக்காதே, அது தங்காமல் இறங்கி எடையை ஏற்றும் என்று மருத்துவமனையில் கொடுத்த தாளில் எழுதித்தான் இருந்தது. படித்தும் இருந்தேன். ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சோறுதான் சாப்பாடு. கடையில் பாலும் சீனியுமாகக் கரைத்துக் கொடுப்பதைக்கூட, "என்ன தண்ணி வேணும்?" என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் குடித்து யாராவது குண்டாவார்களா? வீட்டில் சாசரில் ஒழுங்காகச் சாப்பிட்டேன். மனைவி அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிப் பெருமை பேசினாள். தராசு தொண்ணூற்று மூன்று காட்டியது. பேட்டரி போய்விட்டது என்றேன். புதுப் பேட்டரி போட்டாள். தொண்ணூற்றாறு காட்டியது.

மருத்துவமனையில் பார்க்கும் நாள் வந்தது. தங்கையும் கூட வந்தாள், சட்டைக்கு இஸ்திரி போட்டு, நெற்றியில் விபூதியோடு. ஆறு மாதக் கணக்கை ஆரம்பித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தாள். டாக்டர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். நல்லது என்றார். என்ன குடிக்கிறேன் என்று கேட்டார். வெறும் தண்ணீர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தங்கை முந்திக்கொண்டாள்.

"சோறு ரொம்பக் கம்மி டாக்டர், கோழி கொத்துற மாதிரி. வெறும் தண்ணியிலதான் ஓடுது. தே தாரேக், சிராப், செண்டோல், இதான்லா. மூணு கிளாஸ் போதும் அண்ணனுக்கு."

அவள் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். அண்ணனுக்கு நற்சாட்சி சொல்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனிதர், கத்தவில்லை. ஒரு கிளாஸில் என்ன இருக்கிறது, அது என்ன செய்யும் என்று மெதுவாக விளக்கினார். தொண்ணூறுக்குக் கீழே வந்தால் பார்ப்போம், அதுவரை இது நிற்கட்டும் என்று ஃபைலை மூடினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியைப் பார்க்கத் தைரியம் இல்லை.

வேனில் திரும்பினோம். எங்கள் பழைய தோட்டம் இருந்த இடத்தில் இப்போது தாமான் குடியிருப்பு வீடுகள். அதைத் தாண்டும்போது சொன்னாள்.

"நான்தான்லா."

"நீ இல்ல, மா."

"நான்தான கேட்டேன். ஒவ்வொரு நாளும் கேட்டேன்லா."

இல்லை என்று மறுபடியும் சொன்னேன். உண்மையைச் சொல்வதென்றால், அவள் கேட்டது ஒரு கிளாஸைப் பற்றித்தான். மற்ற இரண்டும் என்னுடையவை.

அடுத்த புதன்கிழமை, மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் பையிலிருந்து ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒன்றரை லிட்டர், ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தது, பிடித்தால் கை மரத்துப்போகிறது.

"நான் இறங்கி வர்றதுக்குள்ள இத முடிச்சிரு. என் பங்கும் சேத்துக் குடி."

கடைப்பக்கமே போகக் கூடாது என்று வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. இரண்டாவது மணி நேரத்தில் வேன் கொதித்தது. வானொலியைப் போட்டேன், அணைத்தேன். நாக்கு வேறு எதையும் நினைக்கவில்லை. சத்தியமாக எனக்குப் பசியில்லை. தாகமும் இல்லை, தண்ணீர்தான் மடியிலேயே இருக்கிறதே. அது என்ன ஆசை என்று எனக்கு இன்றுவரை பெயர் தெரியாது. வயிற்றை வெட்டினார்கள், அதை வெட்டவில்லை. நிழலில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

"அண்ணே, காணோமேன்னு பாத்தேன்! தே தாரேக்தானே?" என்றான் கடைக்காரன்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிளாஸ் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் பாட்டில் ஞாபகம் வந்தது. அது அப்படியே நிறைந்திருந்தது. மேல்மாடிச் சன்னல்கள் எங்கே பார்க்கின்றன என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். வேனுக்குப் பின்னால் போய், சாக்கடை ஓரம் குனிந்து, ஒன்றரை லிட்டரையும் கவிழ்த்தேன். சத்தம் கேட்காமல் மெல்ல ஊற்றினேன். காலியாக நெடுநேரம் ஆனது. அவளுக்கு அது மூன்று நாள் தண்ணீர். இப்படி ஓர் ஈனத்தனம் எனக்குள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவள் இறங்கி வந்தாள். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. உட்கார்ந்ததும் காலி பாட்டிலைப் பார்த்தாள். எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். பல வாரமாகப் பார்க்காத சிரிப்பு.

"எல்லாத்தையும் முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"வேற ஒண்ணும் குடிக்கலதானே?"

"வெறும் தண்ணிதான், மா."

நாக்கில் சீனி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வேனைக் கிளப்பினேன். அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஜில்லுன்னு இருந்துச்சா? சொல்லு, அண்ணே. எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு, மா," என்றேன்.

அவள் தொண்டை ஏறி இறங்கியது.