சுவராகிப்போன தாய்மாமன்

என் மருமகளின் அண்ணனை ஒரு போட்டோவிலிருந்து அழித்தவன் நான். தெரியாமல் செய்யவில்லை.

மகன் வாங்கிக் கொடுத்த போன் அது. அந்தக் கம்பெனி போன்களிலேயே விலை கூடியது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடி பஸ்ஸின் பலகையைப் படமெடுக்கலாம். அதைவிட என்னை மயக்கியது இன்னொன்று: படத்தில் வேண்டாதவரைச் சுற்றி விரலால் கோடு போட்டால், ஆள் மறைந்துவிடுவார்.

பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அவள் தாய்மாமன் அரியலூரிலிருந்து லாரியோடே வந்துவிட்டான். சட்டையெல்லாம் சுண்ணாம்புக்கல் தூசி. குடும்பப் படத்தில் ஓரமாக நின்றான். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு நான் காட்டப்போகும் படம். அந்தச் சட்டை எனக்கு உறுத்தியது. கோடு போட்டேன்.

டீக்கடையில் போன் கை மாறிக்கொண்டே இருந்தது. இரண்டு படத்தையும் பார்த்த பழைய ஹெட்மாஸ்டர், "சார், ஆளு நின்ன எடத்துல செவுரு வந்துடுச்சே! என் சம்பந்தியையும் இப்படி எடுக்க முடியுமா?" என்றார். சிரித்தோம். அந்தப் பூரிப்பில் திருத்திய படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். தாய்மாமனும் அந்தக் குழுவில் இருந்தான். படத்தைப் பார்த்ததும் குழுவைவிட்டு வெளியேறினான்.

சிறுவாச்சூர் கோயிலில் பேத்திக்குக் காதுகுத்து என்று நாள் குறித்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு வேறு மாமன் இல்லை. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணன் வரலையாம் மாமா. 'நான் நின்ன எடத்துல இருக்கற செவுத்துகிட்டயே மடி கேளுங்க'ங்குது."

மறுநாள் அரியலூர் பஸ் ஏறினேன். 'கை தவறிப்போச்சு' என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை. லாரி நிறுத்தத்தில் டயர் மாட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை.

"ஒன் சட்டையப் பாத்து வெக்கப்பட்டேன் மாப்ள. அதான் எடுத்தேன்."

நட்டை முடுக்கியபடியே இருந்தான். பிறகு, "வூட்டுக்குப் போயி மாத்திட்டு வந்தா, புள்ள கேக்கு வெட்டறதப் பாக்க முடியாதுன்னுதாங்க மாமா அப்படியே வந்தேன்" என்றான்.

அங்கேயே அவன் கண்ணெதிரில், அசல் படத்தைக் குழுவில் போட்டு, நான் செய்ததையும் எழுதினேன். அவன், "டீ சாப்புடுறீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

காதுகுத்து நாளான வெள்ளிக்கிழமை எங்களுக்கு முன்பே சீர்த்தட்டோடு கோயிலில் நின்றான். பேத்தி அவன் மடியில் வீறிட்டு, கன்னத்தைப் பிறாண்டினாள். சிரித்துக்கொண்டே இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

என்னிடம் இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அன்று பந்தியில் என் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தான். பாயசம் வேண்டாமென்று நான் கையால் மறைத்தபோது, என் கையை எடுத்துவிட்டு, "மாமாவுக்கு ஊத்துங்க, சக்கரைய நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான்.