நாகக் காப்பு கறுத்த கதை

வெள்ளிக் காப்பு செய்து விற்கிறவனுக்கு வெள்ளியைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது. சாமி, சம்பந்தி இரண்டு பேரையும் சமாளிக்கத் தெரிய வேண்டும். கடை போட்டு உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகர் கடைத்தெருவில் ஒரு சின்ன இடம் பிடித்தேன். எல்லாரும் விற்கிற, வேலைப்பாடே இல்லாத மொழுக்கைக் காப்பு எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. கோயில் தூணில் நிற்கும் யாளி, வேப்பமரத்தடி நாகர் கல்லில் பின்னிக் கிடக்கும் பாம்பு, இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்துக் காப்பில் இறக்கினேன். பெரிய கலைஞன் என்று எனக்கே ஒரு நினைப்பு. ஆனால் அந்தத் தெருவில் ஒரு தடவை போலி என்று பெயர் வாங்கினால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

யாளி வாங்க வந்தவர்

முதலில் வந்தவர் ஒரு பருப்பு மண்டி முதலாளி. மகனுக்குக் காப்பு வேண்டும் என்றார். யாளிக் காப்பை எடுத்து வைத்து, உடம்பு சிங்கம், துதிக்கை யானை, யானையையே அடக்குகிற பலம் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் தூக்கி எடை பார்த்தார்.

"சிங்கமும் யானையும் சேந்தா வெள்ளி கூடப் பிடிக்குமே. ரெண்டுல ஒண்ணை எடுத்துருங்களேன்."

சிஸ்டரின் புறா

காரியாபட்டிப் பக்கத்திலிருந்து மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் வந்தார். நாகக் காப்பின் வேலைப்பாடு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது, பாம்பைத் தவிர. ஏவாளைக் கெடுத்தவனைக் கையில் மாட்டிக்கொண்டு ஜெபத்துக்குப் போக முடியுமா என்று கேட்டார். நியாயம்தானே. பாம்புக்குப் பதில் புறா வைத்துத் தருகிறேன் என்றேன். என் கைக்குப் பாம்பு பழக்கம்; புறா அதுதான் முதல் தடவை. வாங்கிப்போன மறு வாரமே திரும்பி வந்தார்.

"பாம்பையாவது பாம்புன்னு கண்டுக்கிட்டாக. இதை வார்டுல எல்லாரும் கோழின்னு நெனச்சு முட்டை போடுமான்னு கேக்குறாக."

ஆமத்தூர்ப் படை

சங்கரபாண்டி திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை பார்ப்பவன். ஆமத்தூர்ப் பேச்சியம்மாளுக்குப் பரிசம் போட்டபோது என்னிடம் நாகக் காப்பு வாங்கிப் போட்டான். அவளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, கந்தகம் சலிப்பது. வெடிமருந்து அறைக்குள் கையில் உலோகம் போடக் கூடாது என்பதால் காலையிலேயே காப்பைக் கழற்றி முந்தியில் முடிந்துகொள்வாள். முந்தி பூராவும் கந்தகப் பொடி. வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது. சீக்கிரமே காப்பு அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது.

பெண்ணின் அப்பா குடும்பத்தையே திரட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். ஈயத்தைப் போட்டு ஏமாற்றியவனுக்குப் பெண் கிடையாது என்று ஒரே பேச்சு. சங்கரபாண்டி செத்த முகத்தோடு ஓரமாக நின்றான். நான் கந்தகத்தின் குணத்தைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. திருநீறு போட்டுப் பாம்பின் வாலை மட்டும் தேய்த்துப் பளபளவென்று காட்டினேன். வீட்டுப் பித்தளை விளக்கும்தான் தேய்த்தால் மின்னுகிறது என்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் கல்யாணம் நின்றால் என் கடையும் அன்றோடு சரி. கடைசியாக உரைகல்லை எடுத்தேன்.

"உங்க கடைக் கல்லு உங்க பக்கந்தான சாட்சி சொல்லும்?"

பேச்சியம்மா பேசினாள்

குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்த பேச்சியம்மா எழுந்து வந்து காப்பை என் கையிலிருந்து வாங்கினாள். வால் வெள்ளை, கழுத்து கறுப்பு. அதை அப்படியே கையில் மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் புராணம் எவ்வளவு தெரியுமோ, சங்கரபாண்டியைப் பிடித்திருந்தது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் சொன்னதைக் கேட்டு அப்பா கல்யாணத்துக்குச் சரி என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பட்டப்பகலில், கடைத்தெரு நடுவில் நின்றுகொண்டு அவர் வேறு என்னதான் சொல்ல முடியும்? எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"விஷத்தைக் குடிச்ச சிவனுக்கே கழுத்து கறுத்துப்போச்சுப்பா. எனக்கு வர்ற விஷத்தை இந்தப் பாம்பு குடிக்குது. இது போலின்னா அந்தச் சிவனும் போலிதான்."

கறுக்காத காப்பு

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பேச்சியம்மா சொன்னது கம்பெனி கம்பெனியாகப் பரவி, அடுத்த சீசனில் நாகக் காப்பைத் தவிர வேறு எதற்கும் ஆர்டர் இல்லை. பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் கறுத்த காப்பைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டு கடை வாசலில் பெருமையோடு நின்றார்கள். நான் பாடுபட்டுச் செதுக்கிய பாம்பின் கண்ணும் செதிலும் அந்தக் கறுப்பில் யாருக்கும் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

அப்போதுதான் நம் பருப்பு மண்டி முதலாளியின் சம்சாரம் வந்தார். கந்தகத்தின் வாசனையே படாத கை. அவருக்கும் ஒரு நாகக் காப்பு விற்றிருந்தேன். கழற்றி மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

"மாசக்கணக்கா போட்டிருக்கேன், வெள்ளை வெளேர்னு அப்படியே இருக்கு. போலியைத் தலையில கட்டிட்டீகளே."

காப்பை அடித்தது நான், அதற்குச் சக்தி கொடுத்தது பேச்சியம்மா, இரண்டுக்கும் சேர்த்துத் திட்டு வாங்குவது மட்டும் இன்றுவரை நான்தான்.