எட்டடி வயர்

கிணற்று மோட்டாருக்கு வயர் இழுப்பதில் தனுஷ்கோடியை மிஞ்ச அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ஆளில்லை. அந்த வறண்ட சீமையில் வருஷா வருஷம் தண்ணீர் கீழே போகும், மோட்டாரும் கூடவே இறங்கும், வயர் பற்றாது. முழுசாகப் புது வயர் வாங்க எந்தச் சம்சாரிக்கு மனசு வரும்? தனுஷ்கோடி ஒரு துண்டை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றிவிடுவார். அவர் போட்ட ஜாயிண்டு பத்து வருஷமானாலும் அசையாது. அந்தப் பெருமைதான் அவர் காலை வாரிவிட்டது.

தொண்ணூற்றெட்டில் நூல் வியாபாரி நவநீதகிருஷ்ணன் கடைக்கு ஒன்று, பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு ஒன்று என்று இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினார். இரண்டையும் இணைக்கும் கேபிளை வாங்கிப் பதிக்கும் வேலை தனுஷ்கோடிக்கு. அளவெடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனார். கடைக்காரர் உறையைச் சீவிக் காட்டினார். உள்ளே எட்டுக் கம்பி, இரண்டிரண்டாகப் பின்னியிருந்தது.

“கனத்தப் பாக்காதீக அண்ணாச்சி, பின்னலப் பாருங்க. இது கரண்டு வயரு இல்ல, சேதி போற வயரு. பத்தடி கூடவே வாங்கிக்கோங்க. நடுவுல மட்டும் ஜாயிண்டு போட்றாதீக, பின்னல் பிரிஞ்சா சேதி செதறிரும்.”

நமக்கே வயர்ப் பாடமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, அளந்ததை மட்டும் வாங்கி வந்தார்.

கம்ப்யூட்டருக்குப் பூஜை போடுவதற்கு முதல் நாள் வாஸ்து பார்க்க வந்தவர், கிட்டங்கி மேஜையை ஈசானிய மூலைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். கேபிள் எட்டடி பற்றவில்லை. விடிந்தால் நல்ல நேரம். டெலிபோன் வேலையில் மிஞ்சிய வயர் பையில் கிடந்தது. கம்பிக்குக் கம்பி முறுக்கி, டேப் சுற்றி, குழாய்க்குள் தள்ளி மறைத்தார். மறுநாள் பிளக் மாட்டியதும் வேலை செய்தது. சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுக் கிளம்பினார்.

ஒரே வாரத்தில் கோளாறு என்று கூப்பிட்டு விட்டார்கள். கடையில் போட்ட பில் கிட்டங்கிக்கு ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. லோடு வாசலிலேயே நிற்கும். கிட்டங்கிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் மாரீஸ்வரி. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள், அவள் வீட்டில் முதன்முதலாக ஆபீஸ் வேலைக்கு வந்தவள்.

“நான் தப்பா எதையும் அமுக்கல அண்ணே. வயர ஒருக்கா பாருங்க,” என்றாள்.

தனுஷ்கோடி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“வயருல ஒரு குத்தமும் இல்ல மொதலாளி.”

“அப்ப பிள்ளைக்குத்தான் வேல தெரியல,” என்றார் நவநீதகிருஷ்ணன். சனிக்கிழமையோடு அவளை நிறுத்திவிட்டார்.

பொம்பளப் பிள்ளைக்கு என்ன, நாளைக்குக் கல்யாணமாகிப் போயிடும் என்று தனுஷ்கோடி தன்னைத் தேற்றிப் பார்த்தார். தேறவில்லை. புதிதாக வந்தவனுக்கும் அதே கோளாறு என்று கேள்விப்பட்டதும் மதுரைக்கு ஓடினார். பத்தடி கூடவே வாங்கி, ஒரே இழுப்பில் பதித்தார். அதன்பின் ஒரு பில் தவறவில்லை.

“தனுஷ்கோடி கைவச்சா தனிதான்,” என்றார் முதலாளி. அந்தப் பாராட்டைக் கேட்கக் கூசியது.

மறுநாள் பஸ் ஏறினார். மாரீஸ்வரி பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டியெடுத்த ஜாயிண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“தப்பு என்னுது தாயி. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்.”

அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

“மொதலாளிகிட்டச் சொல்லிட்டீகளா?”

“இன்னும் இல்ல.”

“பிறகு எங்கிட்ட எதுக்குண்ணே வந்தீக? நான் தப்புப் பண்ணலன்னு எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே.”

அடுத்த பஸ்ஸுக்கே திரும்பினார். நேரே கடைக்குப் போய் ஜாயிண்டை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். நாலு பேர் முன்னால் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. நவநீதகிருஷ்ணன் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“விடுப்பா. ஆளும் போட்டாச்சு, வேலையும் நடக்குது. பொம்பளப் பிள்ளைக்கு என்ன, நாளைக்குக் கல்யாணமாகிப் போயிரும்.”

தனுஷ்கோடி தனக்குத்தானே சொல்லிப் பார்த்த அதே வார்த்தை.