புங்கடியைக் கூறு போட்ட கதை

பிள்ளைகளா, நம் அரிசிக்கு இணையதளம் ஆரம்பித்தபோது முதலில் நினைத்த பெயர் ஏன் உங்கள் சித்தப்பாவிடம் போனது என்று இரண்டு பேரும் இன்னும் கேட்கிறீர்கள். வாயால் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கலாம். செய்த காரியத்தில் இல்லை.

நம் நிலத்துக்குப் புங்கடி என்று பெயர். நடுவில் நிற்கும் புங்கமரத்தால் வந்தது. ஒரே நிலமாக இருந்ததை நானும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்டோம். மரத்தை ஒட்டி வரப்பு. மேல்பக்கம் அவன், கீழ்பக்கம் நாம். அவனுக்குக் காரைக்காலில் ஆபீஸ் வேலை, தருமபுரத்தில் வீடு. தன் பங்கைக் குத்தகைக்கு விட்டிருக்கிறான்.

நம் நெல்லை நாமே அவித்து அரைத்து வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியதும், "வெப்சைட் இருக்குங்களா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். முதலில் ஒரு பெயரைப் பதிய வேண்டும் என்று பெரியவள் சொன்னாள். அம்மா சாமி பெயராகச் சொன்னாள். எல்லாவற்றையும் யாரோ எடுத்திருந்தார்கள். நான் ஒரே ஒரு விதி வைத்தேன்: மோட்டார் ஓடும்போது கத்தினாலும் எதிராளிக்கு விளங்க வேண்டும். சின்னவன் மோட்டார் கொட்டகையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கத்தினான். அம்மா வரப்பில் நின்று, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னாள். தவறாமல் வந்து சேர்ந்தது புங்கடிதான்.

பெரியவள் போனில் பார்த்துவிட்டுக் குதித்தாள். "யாரும் எடுக்கலப்பா! இப்பவே பதிஞ்சிடலாம்."

"அதென்ன ஓடியா போயிடும்?"

"ஓடாது. வேற யாராச்சும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. உலகத்துக்கே ஒண்ணுதான், ஒருத்தர் பேர்லதான் இருக்கும்."

அங்கேதான் என் மனசு நின்றது. நிலத்தைப் பிரித்தோம், பெயரைப் பிரிக்கவில்லை. அது இன்னும் இரண்டு பேருக்கும் பொது. பிரிக்க முடியாத ஒன்றை நான் மட்டும் என் பெயரில் எழுதிக்கொண்டால், நாளைக்குத் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது?

நம் பக்கத்தில் பாகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எது மிஞ்சினாலும் மூத்தவனுக்குச் சம்மதமாக இருக்க வேண்டும். நிலத்தையும் அப்படித்தான் பிரித்தோம். ஆகவே புங்கடிக்குச் சமமாக இன்னொரு பெயர் வேண்டும், சப்பையாக வைத்தால் அது கூறு இல்லை. மறுநாளும் சின்னவனைக் கத்தவிட்டேன். களத்துமேடு என்பது தேறியது. நெல் அடித்துத் தூற்றும் இடம். அதையும் யாரும் எடுத்திருக்கவில்லை.

"பங்கையே குத்தகைக்கு உட்டவரு, பேர வச்சு என்ன பண்ணப் போறாரு? வம்ப நீங்களா தேடிப் போறீங்க" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேரும் தருமபுரம் போனோம். விஷயத்தைச் சொன்னதும் சித்தப்பா சிரித்தான். "ஏண்ணே, பேருக்குக்கூடவா கூறு?"

"சிரிக்காத. ரெண்டு வச்சிருக்கேன். ஒனக்கு எது வேணுமோ எடு."

அவன் எடுக்க மாட்டான், நமக்கே விட்டுக்கொடுப்பான் என்றுதான் நீங்கள் நினைத்தீர்கள். உண்மையைச் சொன்னால் நானும் கொஞ்சம் நினைத்தேன். அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"புங்கடிய நான் எடுத்துக்கறேன்ண்ணே."

பெரியவளின் முகம் சுருங்கியது. சித்தி பதறினாள். "சும்மா சொல்றாரு மாமா. இவருக்கு எதுக்கு அது? கத்தரிச் செடிக்கே தண்ணி ஊத்த மாட்டாரு."

"சும்மா இல்ல. நான் நாத்துல கை வச்சு எத்தன வருஷமாச்சு! ஊருக்கு வந்தா வரப்புல நின்னு பாத்துட்டு வரேன், குத்தகைக்காரர் 'வாங்க சார்'ங்கறாரு. பேராச்சும் எங்கிட்ட இருக்கட்டுமே."

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. "எடுத்துக்க. மொதக் கூறு ஒன்னுதுதான்" என்றேன்.

பெரியவளே, உனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் நீயே உட்கார்ந்து அவன் பெயரில் பதிந்தாய். அவன் போனுக்கு வந்த எண்ணை அவன் வாசிக்க வாசிக்க நீ தட்டினாய். "வருஷா வருஷம் புதுப்பிக்கணும் சித்தப்பா, உட்டா கைய விட்டுப் போயிடும்" என்று கறாராகச் சொன்னாய்.

"அப்ப இதுவும் குத்தகைதானா?" என்றான் அவன். உன்னைத் தவிர எல்லோரும் சிரித்தோம். பிறகு அதே சோபாவில் களத்துமேட்டை நம் பெயரில் பதிந்தாய்.

பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். கோட்டுச்சேரி நெருங்கும்போதுதான், "ஒனக்கு வருத்தமே இல்லையாப்பா?" என்று கேட்டாய். இருந்தது. ஆனால் அது கூறு போடும்போதே இருந்த வருத்தம், அவன் எடுத்ததால் வந்தது இல்லை.

இன்றைக்குப் போனில், "களத்துமேட்டுக்காரருங்களா?" என்று கேட்கிறார்கள். "ஆமாங்க" என்கிறேன், மோட்டார் ஓடினாலும். புங்கடி முகவரியில் இதுவரை ஒன்றும் இல்லை, வெறும் பக்கம். ஆனால் சித்தப்பா வருஷம் தவறாமல் புதுப்பித்துவிட்டு எனக்குப் போன் செய்கிறான், ஏதோ கதிர் அறுத்தவன் மாதிரி. நம் வீட்டுக் கல்யாணம் காட்சியில் அவன் முதல் ஆளாக வந்து நிற்பதையும் நீங்கள் பார்க்கிறீர்கள்.

தருமபுரத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். நான் மட்டும் தண்ணீர் பார்க்க வயலுக்குப் போனேன். புங்கமரத்துக்குப் பக்கத்தில், நடுவரப்பில், நண்டு வளை வைத்திருந்தது. சித்தப்பா பக்கத்துத் தண்ணீர் அது வழியாக நம் பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது. நம் வயலிலிருந்து இரண்டு கை சேற்றை அள்ளி வளையில் அடைத்தேன். குதிகாலால் நன்றாக மிதித்து, ஒழுக்கு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.