அகத்திக்கீரை மேல் விழுந்த பழி

ஒரு பிடி அகத்திக்கீரையைத் தின்று தன் சாவைத் தானே தேடிக்கொண்டதாக என் அக்கா நம்பினாள். அந்த நினைப்பை அவள் மனதிலிருந்து பிடுங்கிப் போடாமல் விடுவதில்லை என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சாகப் போகிறவள் சாகட்டும், பழியைச் சுமந்துகொண்டு சாக வேண்டாம் என்றுதான் நின்றேன்.

அக்காவை நைனார்பாளையத்தில் கொடுத்திருந்தது. மாமாவுக்கு மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற அளவுக்கு நிலம். நான் கள்ளக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தபோது சேலத்துக்கு அழைத்துப்போய் ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு என்று எல்லாம் முடித்துக்கொண்டு வந்தோம். கடைசியில் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அவளுடைய கட்டி பெண் ஹார்மோனைத் தின்று வளருகிற ஜாதியாம். மாதவிலக்கு நின்றுபோன உடம்பிலும் அந்த ஹார்மோன் கொஞ்சம் ஊறிக்கொண்டுதான் இருக்குமாம். அதையும் வற்ற வைத்துக் கட்டியைப் பட்டினி போடத்தான் மாத்திரை.

கட்டியோடு சேர்த்து அக்காவையும் பட்டினி போட்டது அவள் மாமியார். டாக்டர் முதல் நாளே எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். அத்தை காதில் அது ஏறவில்லை.

"பத்தியம் இல்லாத மருந்து ஏதும்மா? அவுரு டவுன்காரரு. அவுருக்கு இன்னா தெரியும்?"

கருவாடு கூடாது, கோழி கூடாது, கத்தரிக்காய் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அகத்திக்கீரை கூடவே கூடாது. அகத்தி மருந்தை முறிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மாமா வெள்ளிமலைக்கு ஜீப் ஏறிப் போய்ச் சாமையும் தினையும் வாங்கி வந்தார். அக்கா அந்தச் சாமைச் சோற்றையும் மிளகு ரசத்தையும் வருஷக்கணக்கில் தின்றாள்.

அத்தையைக் கொடுமைக்காரி என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் அப்படி இல்லை. அக்காவுக்கென்று தனிச்சட்டி வைத்துச் சமைத்தார். அவளுக்கு ஆசை வரக்கூடாதென்று கத்தரிக்காயை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. கொல்லையில் நின்ற அகத்தி மரத்தை மட்டும் வெட்டவில்லை, அது மாட்டுக்கு வேண்டியிருந்தது.

அக்கா மகள் கல்யாணத்துக்கு மறுநாள் கறி விருந்து. ஊரே எலும்பைக் கடித்துக்கொண்டிருக்க, பெண்ணைப் பெற்றவள் ஓரத்தில் உட்கார்ந்து ரசம் குடித்தாள். "சாமியாரம்மா, எங்களுக்கும் கொஞ்சம் துன்னூறு குடேன்" என்று சீண்டினேன். அவள் சிரித்தாள். "உசுரு இருந்தா நாளைக்குத் துன்னுக்கலாம்டி" என்றாள்.

வைகுண்ட ஏகாதசிக்கு அத்தை விரதம் இருப்பார். மறுநாள் அகத்திக்கீரை சமைத்துத்தான் விரதத்தை முடிப்பார். அந்த வருஷமும் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுச் சமைத்தார். எல்லோரும் தின்று முடித்த பிறகு பாத்திரம் கழுவ எடுத்த அக்கா, சட்டியின் அடியில் ஒட்டியிருந்த கீரையில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் புரட்டி, அடுப்படியில் நின்றபடியே தின்றுவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

மாசியில் இடுப்பு வலி வந்தது. கதிர் அடித்த அலுப்பு என்று தைலம் தேய்த்தார்கள். ஸ்கேன் எடுத்தபோது எலும்பில் பரவியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்காவே வாயைத் திறந்து சொன்னாள், "சட்டிய வழிச்சுத் துன்னுட்டேன் அத்தை." அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "படிச்சுப் படிச்சு சொன்னனே, பாவி! வாயக் கட்ட முடியலியா உனுக்கு?"

தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்கள் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கும் முன்னால், "கீரைய துன்னுட்டியாமே?" என்று கேட்டார்கள். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சை அவர்கள் மடியிலேயே கட்டி அனுப்பலாமா என்று இருந்தது.

சேலத்தில் ரத்தம் எடுத்து ஒரு புதுப் பரிசோதனை செய்தார்கள். முடிவு கேட்கப் போகும்போது அத்தையையும் காரில் ஏற்றினேன். அவர் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே ஏற்றினேன். டாக்டர் சின்ன வயதுப் பெண், நிதானமாகச் சொன்னாள். கட்டியின் செல்லில் ஹார்மோன் வந்து உட்காருவதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. ஹார்மோன் வந்து உட்கார்ந்தால்தான் செல் வளரும். அந்த இடத்தை உண்டாக்குகிற மரபணுவே மாறிவிட்டது. இனி ஹார்மோன் வந்தாலும் வராவிட்டாலும் செல் வளரும். பட்டினி போடுகிற மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. மகளுக்கு வருமா என்று அக்கா கேட்டாள். இது பிறவியில் வந்த மாற்றம் இல்லை, கட்டிக்குள் மட்டும் நடந்தது, இந்த மாற்றம் மகளுக்குப் போகாது என்றாள் டாக்டர்.

மாமாவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "சோளக்காட்டுல வருஷா வருஷம் ஒரே களைக்கொல்லி அடிச்சா, அதுக்குச் சாவாத களை ஒண்ணு கெளம்புமே, அது மாதிரிங்களா?" கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள் டாக்டர்.

அக்கா மெல்லச் சொன்னாள். "நான் அகத்திக்கீரை துன்னேங்க."

"கீரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்க அதைச் சாப்பிடுறதுக்கு ரொம்ப முன்னாடியே இது ஆரம்பிச்சிருக்கும்."

"பத்தியம் இருந்தது?"

"அது தேவையே இல்லையேம்மா. நீங்க எல்லாமே சாப்பிட்டிருக்கலாம்."

நான் அத்தை முகத்தைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியில் ஆத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். அக்கா இறங்கவில்லை. காரில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தபோது கேட்டாள்.

"அப்போ நான் இருந்ததெல்லாம் எதுக்குடி?"

"எது?"

"வாயக் கட்டிக்கினு இருந்தனே. பொண்ணு விருந்துல ஒரு துண்டு கறி துன்னலியே. கீரையாலதான் போச்சுன்னா, அதுவரைக்கும் நான்தான் உசுரப் புடிச்சு வச்சிக்கினு இருந்தேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ அதையும் புடுங்கிட்டியே."

முன்சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மாமா கொண்டுவந்த டீ ஆறிப்போனது.

மருந்தை மாற்றி ஊசி போட்டார்கள். கொஞ்ச காலம் அடங்கியிருந்தது. பிறகு ஈரலுக்குப் போனது. அத்தை கருவாட்டுக் குழம்பு வைத்தார், கத்தரிக்காய் வதக்கினார், நாட்டுக்கோழி அறுத்தார். ஒவ்வொன்றாகச் சமைத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். அக்காவுக்கு வாயெல்லாம் புண், எதை வைத்தாலும் குமட்டல். "வாசனை தாங்கல அத்தை, எடுத்துக்கினு போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை தட்டை எடுத்துப்போய் அடுப்படியில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசி மழையில் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து வந்த அமாவாசைக்கு நைனார்பாளையம் போனேன். செத்தவர்களை நினைத்து அமாவாசையில் மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுப்பது வழக்கம். அவர்களுக்குப் போய்ச் சேரும் என்பார்கள். கொல்லையில் அத்தை அதே மரத்தின் கிளையை வளைத்து, கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவுக்கும் பிறகு இதுவா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு கொத்தை மாட்டின் வாயருகில் நீட்டி, அதன் கழுத்தைத் தடவினார்.

"துன்னும்மா. நெறைய துன்னு. இனிமே உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, நானும் ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தேன்.