இரண்டு வீட்டுக்கும் தெரியாத ஆள்

போன வாரம் என் கைபேசி, நான் கேட்காமலே, எனக்கு ஒரு படம் தயாரித்துக் கொடுத்தது. எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழாவில் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் அதுவாகவே பொறுக்கி, அதுவாகவே இசை போட்டு, இனிய நினைவுகள் என்று தலைப்பும் வைத்து நீட்டியது. அதில் நான் தேருக்குப் பக்கத்தில் நின்று வாய்கொள்ளாமல் சிரிக்கிறேன். அடுத்த நொடி, முன்பின் தெரியாத ஒரு வழுக்கைத் தலைக்காரர் பாப்கார்ன் பொட்டலத்தோடு திரும்பிச் சிரிக்கிறார். மறுபடி நான். மறுபடி அவர். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இது?" என்றார். சும்மாதான் கேட்டார், கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான்தான் அவர் பின்னாலேயே அடுக்களைக்குப் போய்ப் பத்து நிமிடம் விளக்கம் சொன்னேன். நீ இப்படி விளக்கினால்தான் சந்தேகம் வருகிறது என்று சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார். அந்தக் கைபேசி செய்த வேலையை ஒரு காலத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவள் நான்.

கல்யாணம் ஆவதற்கு முன்னால் சிதம்பரம் கீழ வீதியில், ஒரு மாடி ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். கேமராக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற தீப்பெட்டி போன்ற சின்ன டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வேண்டாததை வெட்டி, பாட்டுச் சேர்த்து, மணப்பெண் முகத்தை ஒரு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து விரியவிட்டு, கடைசியில் அதை டிஸ்க்கில் எழுதித் தர வேண்டும். இதற்கு மிக்சிங் என்று பெயர். பெண்ணைப் பெற்றவர் மாடிப்படி ஏறும்போதே "மிக்சிங் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்.

முடிந்தால் மட்டும் போதுமா? அது அவர்கள் வீட்டு ஹாலில் இருக்கிற பிளேயரில் பாட வேண்டும். அதுதான் பெரிய கஷ்டம். கடையில் பாடும், வீட்டுக்குப் போனால் பாடாது. காலித் தட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள். அதற்காகவே கடையில் புதிது, பழையது, எதையும் படிக்க அடம்பிடிப்பது என்று மூன்று பிளேயர்கள் வைத்திருந்தோம். மூன்றிலும் ஓடினால்தான் உறைக்குள் போகும். வேகமாக எழுதிய டிஸ்க்கைப் பழைய பிளேயர்கள் படிக்காது, மெதுவாக எழுதியதைப் படிக்கும். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள நான் வாங்கிய வசவு கொஞ்சமல்ல.

எழுதி முடித்து வெளியே வரும் டிஸ்க் சூடாக இருக்கும். புது மழைக்கோட்டைப் பிரித்த மாதிரி ஒரு வாசனை வரும். எனக்கு அந்த வாசனை அப்போதெல்லாம் மிகவும் பிடிக்கும். அந்த டிஸ்க்கைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து என்ன செய்கிறது என்று பிற்பாடு தெரிந்த பிறகு, அந்தப் பிடித்தம் குறைந்துவிட்டது. சந்தோஷமாகப் பார்ப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? விசாரணைக் கமிஷன் தோற்றது போங்கள். யார் மொய் எழுதாமல் சாப்பிட்டார்கள், யார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், நாத்தனாரை எத்தனை முறை காட்டினார்கள், தன்னை எத்தனை முறை காட்டவில்லை, எல்லாம் அந்த டிஸ்க்கை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் முடிவாகும். கேசட் காலத்தில் நிறுத்தினால் படம் நடுங்கும், ஒன்றும் தெரியாது. டிஸ்க்கில் நிறுத்தினால் ஆள் சிலை மாதிரி நிற்பான்.

எங்கள் முதலாளி ஆரோக்கியம் அண்ணன் இதையெல்லாம் கண்டவர். ஒரு வீட்டு டிஸ்க் இன்னொரு வீட்டார் கண்ணில் படக் கூடாது என்பதில் கறார். அவரும் லேசுப்பட்ட சந்தேகப் பேர்வழியல்ல, சாயங்காலம் நான் கிளம்பும்போது என் டிபன் பாக்ஸைக்கூட ஒரு பார்வை பார்ப்பார். எனக்குக் கோபமாக வரும், ஆனால் ஊரில் அந்த வேலை தெரிந்த கடை அது ஒன்றுதான்.

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். பெண் வளர்மதி, சிதம்பரத்துப் பெண். மாப்பிள்ளை குமரவேல், கடலூர் மஞ்சக்குப்பம். கல்யாணம் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில். முகூர்த்த நாளில் அங்கே போயிருக்கிறீர்களா? ஒரு கெட்டிமேளம் அடங்குவதற்குள் பத்தடி தள்ளி அடுத்த கெட்டிமேளம். ஒரு ஜோடிக்குப் போட்ட அட்சதை பக்கத்து ஜோடியின் தலையிலும் விழும். அன்று எங்கள் ஸ்டுடியோவுக்கே அங்கே இரண்டு கல்யாணம், இரண்டு கேமரா. நான் கிறிஸ்தவப் பெண். எங்கள் பக்கம் மாதா கோயிலுக்குள் ஒரு நேரத்தில் ஒரு கல்யாணம், கேமராவில் விழுகிறவர்கள் அத்தனை பேரும் யாரோ ஒரு வகையில் சொந்தம். அதே கணக்கில் திருவந்திபுரம் டேப்பையும் பார்த்துவிட்டேன்.

ஒரு பாட்டுக்குக் காட்சி போதவில்லை. பாட்டை வெட்டினால் பெண்ணைப் பெற்றவர் வருத்தப்படுவார், அவர் சொல்லிக் கொடுத்த பாட்டு அது. டேப்பில் வளர்மதி தலை குனிந்திருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, கேமராவைத் தாண்டி யாரையோ பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிற ஒரு குளோசப் இருந்தது. அவ்வளவு அழகு. கூட்டத்தைக் காட்டுகிற இடத்தில், சந்தனக் கலர் சட்டையும் சுருட்டை முடியுமாக ஒருவர் திரும்பிச் சிரிப்பதும் இருந்தது. யாரோ மாமன் முறை போல என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவள் சிரிப்பாள், அவர் சிரிப்பார். ஸ்லோமோஷன் வேறு. பாட்டு முடிய மூன்று தடவை. வேலை முடிந்ததும் நானே என்னை மெச்சிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் கொடுத்துப் பத்து நாள் ஆகியிருக்கும். குமரவேல் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. டிஸ்க்கைப் போடச் சொல்லி, அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இவரு யாரு மேடம்?"

உங்கள் வீட்டு ஆள் இல்லையா என்றேன். தங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார். அப்படியானால் பெண் வீட்டு ஆளாக இருக்கும் என்றேன். கேட்டாயிற்று, அவர்களுக்கும் தெரியாதாம். ஆரோக்கியம் அண்ணன் குறுக்கே வந்து, ஏதோ தவறு நடந்திருக்கிறது, அந்த ஆளை வெட்டிவிட்டு வேறு டிஸ்க் போட்டுத் தருகிறோம் என்று அவசர அவசரமாகச் சொன்னார்.

"நான் வெட்டச் சொல்லலீங்க. யாருன்னு கேட்டேன்."

டிஸ்க்கை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், அந்த ஆளை நானே எங்கிருந்தோ கூட்டிவந்து விட்டது போலிருந்தது.

நாலாம் நாள் வளர்மதி வந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. அந்த ஆள் யாரென்று தெரிகிற வரைக்கும் அம்மா வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். என்னைப் பார்த்து நீங்கள்தான் மிக்சிங் செய்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அக்கா, அவுங்க கேட்டுக் கேட்டு எனக்கே கொழப்பமா இருக்கு. திருப்பித் திருப்பிப் பாத்ததுல, அந்த ஆள எங்கியோ பாத்தா மாதிரிதான் இருக்கு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நொடி எனக்கும் அவள்மேல் சந்தேகம் வந்தது. யாருமே அறியாத ஆள் எப்படித் தாலி கட்டுகிற இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தான்? அவளை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவளே நான், எனக்கே இப்படித் தோன்றினால் அவள் மாமியாருக்கு எப்படித் தோன்றியிருக்கும்? என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அசல் டேப்பைத் தேடினேன். டெலிவரி ஆனதும் கம்ப்யூட்டரில் ஏற்றியதை அழித்துவிட்டு, டேப்பை அடுத்த விசேஷம் எடுக்கக் கேமராக்காரரிடமே கொடுத்துவிடுவது வழக்கம், அதுவும் போயிருந்தது. பிறகுதான் அன்று நடந்த எங்கள் இன்னொரு கல்யாணம் ஞாபகம் வந்தது. அந்த வீட்டு டேப் மிக்சிங்குக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றியபடியே இருந்தது, நான் இன்னும் கைவைக்கவில்லை. ஓட்டினேன். ஐந்தாவது நிமிடத்தில் சந்தனக் கலர் சட்டை வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் தாய்மாமன். தாம்பாளம் தூக்குகிறார், மாலை எடுத்துக் கொடுக்கிறார், இடுப்பில் தன் குழந்தையை வைத்துக்கொண்டு பந்தியில் நிற்கிறார். பாவம், அவர் பாட்டுக்கு அவர் வீட்டுக் கல்யாணத்தில் சிரித்துக்கொண்டிருந்த மனிதர்.

அண்ணனிடம் சொன்னேன். மற்ற வீட்டு டிஸ்க்கை வெளியே காட்டினால் இரண்டு வீடும் சேர்ந்து கடைக்கு வரும், பேசாமல் இரு, நாலு நாளில் அடங்கிவிடும் என்றார். அடங்காது என்று எனக்குத் தெரிந்தது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு டிஸ்க்கை அவசரமாக எழுதினேன். மனசு கேட்காமல், மறுநாள் அதே நேரத்தில் இன்னொன்றை மெதுவாக எழுதினேன். இரண்டையும் டிபன் பாக்ஸுக்குள் சோற்றுத் தட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக மஞ்சக்குப்பம். குமரவேலும் அவர் அம்மாவும் ஹாலில் இருந்தார்கள். பழைய பிளேயர், மேலே துணி மூடிப் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தது. முதல் டிஸ்க்கைப் போட்டேன். உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி சுற்றியது. திரையில் நோ டிஸ்க் என்று வந்தது.

"ஏம்மா, இதுலயும் ஒண்ணுமில்லியா?" என்றார் அந்த அம்மா. அந்தப் பெண்மேல் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டுதான் நான் உள்ளே வந்திருந்தேன், இதிலும் என்று அவர் அழுத்திய அழுத்தத்தில் எனக்கு வேர்த்துவிட்டது.

இரண்டாவதைப் போட்டேன். மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். பாடியது. ஐந்தாவது நிமிடத்தில் அவர் வந்தார், அதே சட்டை, அதே சுருட்டை முடி, வேறு கல்யாணம், வேறு பெண். தவறு முழுக்க என்னுடையது, பாட்டுக்கு அளவு போதாமல் நான்தான் ஒட்டினேன், அந்தப் பெண் அந்த ஆளைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்த அம்மா, தான் முதலிலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டுக் காபி போட எழுந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

குமரவேல் எழுந்திருக்கவில்லை. என் டிஸ்க்கை எடுத்துவிட்டுத் தன் கல்யாண டிஸ்க்கைப் போட்டார். வளர்மதி சிரிக்கிற இடத்தில் நிறுத்தினார்.

"சரிங்க மேடம். அவரு வேற கல்யாணத்து ஆளு, ஒத்துக்கிறேன். அப்ப இவ யாரப் பாத்து சிரிச்சா?"

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. திரையில் அந்தப் பெண் பல் தெரியச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களத்தாங்க" என்றேன்.

"நீங்க டேப்புல பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளேயரை அணைத்தார். அந்த வாரமே சிதம்பரம் போய் வளர்மதியைக் கூட்டிவந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பார்த்தேனா? அந்த டேப்பை முழுக்க ஓட்டிப் பார்த்தவள் நான் ஒருத்திதான், அது நிஜம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் கேமரா எங்கே திரும்பியது, எதிரே யார் நின்றார்கள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எத்தனையோ கல்யாணம், எத்தனையோ சிரிப்பு. நான் சொன்னது பொய் என்றும் அடித்துச் சொல்ல முடியாது, அதுதான் இன்னும் வேதனை.

சில மாதம் கழித்துக் கடலூர் பஸ் நிலையத்தில் வளர்மதியைப் பார்த்தேன். மாசமாக இருந்தாள். அவளே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவரு எல்லார்கிட்டயும் சொல்றாரு, நான் அவரப் பாத்துதான் சிரிச்சேன்னு. நெசமாவா?"

உனக்கே தெரியாதா என்று கேட்டேன். நிறையப் பேர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒன்றுமே ஞாபகமில்லை என்றாள். ஆமாம்மா, அவரைப் பார்த்துத்தான் என்று இரண்டாம் முறையும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் உண்மையிலேயே மறந்துதான் கேட்டாளா, இல்லை நான் எவ்வளவு பார்த்தேன் என்று ஆழம் பார்த்தாளா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. என் புத்தி அப்படி, என்ன செய்ய.

அந்த ஸ்டுடியோ இருந்த மாடியில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். பிளேயர்கள் எல்லாம் பழைய சாமான்காரரிடம் போய்விட்டன. போகட்டும், எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஒன்றே ஒன்றுதான் திரும்பக் கிடைத்தால் தேவலை என்றிருக்கிறது. மஞ்சக்குப்பம் போய்வந்த மறுநாளே வளர்மதி கல்யாண டேப் எங்கே போனது என்று விசாரித்து, கேமராக்காரரிடமிருந்து வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். வளர்மதி சிரித்திருக்க வேண்டிய இடத்தில், மங்கலம்பேட்டையில் யாரோ ஒரு குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து, காது குத்திய வலி தாங்காமல் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.